பிரிம்மர் தெருவின் மேசைவிரிப்பு

எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு நல்ல மேசைவிரிப்புதான் இருந்தது. பதினாலு வீட்டுக்கும் சேர்த்து ஒன்று.

சிரிக்காதீர்கள் கண்ணுகளா, அது வந்த கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள். ஒரு வருஷம் சர்ச் சந்தையில் குலுக்கல் சீட்டு விற்றார்கள். பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை என்று யாரோ சொல்ல, பதினாலு வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு சீட்டு வாங்கினார்கள். சீட்டு விழுந்தது. ஆனால் தொடை இரண்டாம் பரிசாம். எங்களுக்கு விழுந்தது முதல் பரிசு: பால் வெள்ளையில் லினன் துணி, ஓரம் முழுக்கக் கைவிரல் அகலத்துக்கு லேஸ். தொடையாக இருந்திருந்தால் பதினாலு துண்டு போட்டிருப்பார்கள், ஒரே வாரத்தில் தெரு அதை மறந்திருக்கும். துணியை வெட்ட முடியுமா? அதனால் அது யார் வீட்டுக்கும் சொந்தமில்லாமல், எல்லார் வீட்டுக்கும் சொந்தமாகிப் போனது.

அதற்கு ஒரு சட்டமும் வந்துவிட்டது. விரித்தவள் துவைக்கணும், கஞ்சி போடணும், இஸ்திரி போட்டு மடிக்கணும். பிறகு வேலிக்குப் பக்கத்தில் நின்று உரக்கக் கேட்கணும்: "அடுத்து யாருக்கு வேணும்?" யாருக்கு ஞானஸ்நானமோ, யார் மகளைப் பார்க்கப் பையன் முதல் தடவை வருகிறானோ, யார் வீட்டில் துக்கமோ, அங்கே அது போகும். செவ்வாய்க்கிழமை பாஸ்கோ தாத்தாவின் சாவு வீட்டில் அதன்மேல் சாண்ட்விச் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை அதே துணியின்மேல் நாலாம் நம்பர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானக் கேக். சாவின் கறை ஒரு பொட்டுகூட இருக்காது.

பாதிரியார் வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாக வருவார். அன்றைக்குத்தான் வேடிக்கை. அவர் மூணாம் நம்பர் வாசலில் விடைபெற்றுக்கொண்டிருக்கும்போதே துணி பின்பக்க வேலி தாண்டி நாலாம் நம்பருக்குப் போய்விடும். அவர் மெதுவாக நடந்து நாலாம் நம்பர் மேசைக்கு வருவதற்குள் அங்கே அது சுருக்கமில்லாமல் விரிந்திருக்கும். ஒரு வருஷம், பதினோராவது வீட்டில் உட்கார்ந்து லேஸை விரலால் தடவிக்கொண்டே அவர் சொன்னாராம்: "இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒரே ரசனைம்மா." அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். 

மெல்போர்னில், காலிங்வுட் பக்கம் இருந்தது பிரிம்மர் தெரு. ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் பதினாலு வீடு. எதிர்ப்பக்கம் பூட்ஸ் தொழிற்சாலையின் செங்கல் சுவர். தோல் வாசனையோடு எழுந்து தோல் வாசனையோடு தூங்கினோம். என் அப்பா லெஸ் டெவ்லின் அங்கேதான் அடித்தோல் வெட்டினார். அம்மா ஐவி கல்யாணத்துக்கு முன்பு அங்கே மேல்தோல் தைத்தவள். நான் பிறந்தபிறகு வீட்டிலேயே இயந்திரம் போட்டுத் தைத்தாள். எங்கள் வீடு ஒன்பதாம் நம்பர். குட்டையான பெண், என் அம்மா. ஆனால் தெருவில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் எல்லாரும் அவள் சமையலறையில்தான் வந்து நிற்பார்கள்.

பத்தாம் நம்பர் எல்சி கோர்மன். எனக்கு எல்சி ஆன்ட்டி. நெட்டை, செம்பட்டை முடி, ஜாம் தொழிற்சாலையில் டப்பா அடுக்கும் வேலை. அவள் சிரித்தால் பூட்ஸ் தொழிற்சாலைச் சுவரில் பட்டு எதிரொலிக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியில் ஒரு பலகை ஆடிக்கொண்டே இருக்கும். அதைத் தள்ளினால் ஒரு கை நுழையும். அந்த ஓட்டை வழியாக எத்தனை கோப்பை தேநீர், எத்தனை கிண்ணம் சர்க்கரை, எத்தனை ரகசியம் போயிருக்கும்! அம்மாவுக்கும் எல்சி ஆன்ட்டிக்கும் நடுவில் அந்த வேலி பேருக்குத்தான் நின்றது.

1961ஆம் வருஷம் ஏப்ரல் மாசம், தொழிற்சாலைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். இந்தப் பகுதி வீடுகள் மனிதர் வாழத் தகுதியானவைதானா என்று அரசாங்க அதிகாரிகள் பார்வையிட வருவார்கள், 27ஆம் தேதி வியாழக்கிழமை. தகுதியில்லாத தெருக்களை இடித்துவிட்டு உயரமான கட்டிடங்கள் கட்டப்போகிறார்களாம்.

அன்று சாயங்காலமே பதினாலு வீட்டுப் பெண்களும் எங்கள் சமையலறையில். உட்கார இடமில்லை. நான் மேசைக்கடியில் உட்கார்ந்து கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"உள்ளே வந்து பாக்கறவன் என்னத்தப் பாப்பான்?" என்றாள் அம்மா. "இடம் இருக்கான்னு பாப்பான். சுத்தமா இருக்கான்னு பாப்பான். அதனால வேண்டாததெல்லாம் வெளியே போகணும்."

"வெளியேன்னா எங்கடி? என் மாமியாரையுமா?" என்றாள் எல்சி ஆன்ட்டி.

"உன் மாமியார வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வை. காவலுக்கு ஆகும். மெத்தை, உடைஞ்ச கட்டில், பழைய குழந்தை வண்டி, ஓட்டை அண்டா எல்லாம் பின்சந்துக்கு. ஒரு நாள்தானே? அவன் போனதும் திருப்பி எடுத்துக்கலாம்."

"மேசைவிரிப்பு?"

"பாதிரியாருக்குப் போற மாதிரிதான். ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிச்சு வேலி வேலியா."

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஒருத்தி மட்டும் போடவில்லை. பதினாலாம் நம்பர் கல்யோப்பி. கிரேக்கத் தீவிலிருந்து வந்து மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் பேசுவாள்.

"சந்து வேணாம்," என்றாள். "சந்தும் வீடுதான். நான் சந்து கூட்டறேன். சந்து வெள்ளை அடிக்கறேன்."

உண்மைதான். அவள் வீட்டுக் கொல்லைச் சுவர் சந்தின் கோடியில் நிற்கும். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பாள். சந்தில் யாருமே பார்க்காத சுவருக்கு ஒருத்தி வெள்ளை அடிக்கிறாளே என்று தெருவே சிரிக்கும்.

"கல்யோப்பி கண்ணு, சந்த யாரு பாப்பா?" என்றாள் எல்சி ஆன்ட்டி. "அது மலவண்டிக்காரனுக்கு விட்ட வழி. பெரிய மனுஷங்க யாரும் பின்னாடி வரமாட்டாங்க."

உங்களுக்கு இது விளங்கணும் பிள்ளைகளே. எங்கள் பேட்டை முழுக்க அப்படித்தான் நினைத்தோம். தெருவுக்கு முகம் முன்பக்கம்தான். வாசல்படியைச் சனிக்கிழமைதோறும் முழங்காலில் நின்று தேய்ப்போம். கதவைத் தட்டும் பித்தளை வளையத்தில் முகம் தெரியணும். பின்சந்து, கழிவுநீர்க் குழாய் வராத காலத்தில் மலவண்டிக்காக விட்டது. குழாய் வந்தபிறகும் அதைத் தெருவின் பகுதி என்று யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் முதுகை நாமே பார்க்கிறோமா? அதுபோலத்தான். பாதிரியார், டாக்டர், பெண் பார்க்க வரும் பையன் எல்லாரும் முன்வாசல் வழியாகத்தான் வந்தார்கள். அதிகாரி மட்டும் வேறு வழியில் வருவான் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மூணு நாள் தேய்த்தார்கள். திரைச்சீலைகளை அவிழ்த்துத் துவைத்தார்கள். இரும்பு அடுப்பு மினுங்கக் கருப்பு மெருகு பூசினார்கள். அப்பாவும் மற்ற ஆண்களும் புதன்கிழமை வேலை முடிந்து வந்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழசுகளைத் தூக்கிச் சந்தில் குவித்தார்கள். வியாழன் காலை பிரிம்மர் தெரு பளபளவென்று நின்றது. படிகள் ஈரம் காயாமல் பதினாலு வெள்ளைப் பற்கள் மாதிரி இருந்தன. எல்சி ஆன்ட்டியின் மாமியார் தொப்பி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் கொல்லையில் கவிழ்த்த தொட்டியின்மேல் ஏறி நின்று துணியை வாங்கிக் கொடுப்பது என் வேலை.

பத்து மணிக்கு ஒண்ணாம் நம்பரிலிருந்து சத்தம் வந்தது: "கார் திரும்புது!"

கார் வந்தது. நிற்கவில்லை. ஒண்ணாம் நம்பர் வாசலில் கைகட்டி நின்றவளை ஒரு தலையசைப்புக்கூட இல்லாமல் தாண்டி, மெதுவாக உருண்டுகொண்டே இருந்தது. "ரெண்டாம் நம்பருக்குப் போறான் போல!" துணி ரெண்டுக்குப் பறந்தது. கார் ரெண்டையும் தாண்டியது. "மூணுக்கு! மூணுக்கு!" கார் உருள உருளத் துணியும் வேலி வேலியாகத் தாவியது. கஞ்சி போட்ட மடிப்பெல்லாம் அவிழ்ந்துவிட்டது. எட்டாம் நம்பரிலிருந்து அது என் கைக்கு வந்தபோது முன்பக்கம் யாரோ கத்தினார்கள், "தெரு முனையில திரும்பிட்டான்!" என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷம், துணியைத் தலைக்குமேல் தூக்கிப் பத்தாம் நம்பர் பக்கம் நீட்டினேன். எல்சி ஆன்ட்டியின் நீளக் கைகள் வேலிக்குமேல் எழுந்து அதைப் பிடித்தன.

அப்போதுதான் பார்த்தேன். கார் பின்சந்துக்குள் நின்றிருந்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு தொப்பி, தொப்பிக்குக் கீழே ஒரு கேமரா. ஒரு சொடுக்கு. கண்ணாடி ஏறியது. கார் வந்த வழியே பின்னோக்கி உருண்டு போய்விட்டது. இறங்கவில்லை. ஒரு படியைக்கூட மிதிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து பதினாலு வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. மனிதர் வாழத் தகுதியற்றது. ஆறு மாதத்துக்குள் காலி செய்யணும்.

எல்சி ஆன்ட்டி கடிதத்தோடு வேலிக்கு வந்தாள். பலகை ஓட்டை வழியாக அவள் முகத்தில் பாதிதான் தெரிந்தது.

"எல்லாத்தையும் சந்துல தள்ளச் சொன்னது நீதான் ஐவி," என்றாள். "அந்தக் குப்பையத்தான் அவன் படம் எடுத்துட்டுப் போனான். கல்யோப்பி வேணாம்னா. நீ கேட்டியா?"

அம்மா உள்ளே போய் அப்பாவின் சுத்தியலை எடுத்துவந்து, ஆடிக்கொண்டிருந்த அந்தப் பலகையில் மூணு ஆணி அடித்தாள். அவ்வளவுதான். ரெண்டு பேரும் அதற்கப்புறம் பேசவில்லை. அக்டோபரில் லாரிகள் வந்தன. எங்களுக்கு வடக்கே வெகுதூரத்தில் புது வீடு கொடுத்தார்கள். மரமில்லாத, கடையில்லாத வெட்டவெளி. துணி, கார் வந்த அன்று எல்சி ஆன்ட்டி கைக்குப் போனது போனதுதான். அம்மா கேட்கவில்லை. அவளும் அனுப்பவில்லை.

புது வீட்டில் அம்மா முதலில் கொல்லையைத்தான் கூட்டுவாள். அப்புறம்தான் வாசல். ஒரு காலி டப்பாவைக்கூடப் பின்னால் வைக்கவிடமாட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் சொன்னாள்: "அந்த மெத்தைய உள்ளேயே வச்சிருக்கணும் நோரீன். ஒரு தெருவயே நான் தின்னுட்டேன்." இல்லை அம்மா, இல்லை என்று எத்தனை தடவை சொன்னேன். என் வாயால் சொல்லி என்ன பயன்? குற்றம் சொன்ன வாய் வேறே அல்லவா? எல்சி ஆன்ட்டி சவ அடக்கத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் நின்றாள். தேநீருக்கு நிற்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் ஒரு கோபம், கல் மாதிரி. ஒரே ஒரு தடவை, அம்மா காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை, நாலு பேர் முன்னால் அந்த வார்த்தையை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளணும். அது ஒன்றுதான் நான் கேட்டது.

போன வருஷம் எங்கள் பழைய பேட்டை நூலகத்தில் காணாமல்போன தெருக்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். போனேன். ரெண்டாவது வரிசையில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது.

எங்கள் சந்து. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய படம். கோர்மன் வீட்டு மெத்தை, எங்கள் குழந்தை வண்டி, பாஸ்கோ வீட்டுக் கட்டில், எல்லாம் குவிந்து கிடக்கின்றன. கீழே எழுதியிருந்தது: "பிரிம்மர் தெரு, 1961. இடிக்கப்படுவதற்கு முன் மக்கள் வாழ்ந்த நிலை. குவிந்த குப்பையையும் வேலியில் உலரும் துணியையும் காண்க."

வேலிக்குமேல் ஒரு வெள்ளைக் கலங்கல். அதன் ஒரு முனையில் ரெண்டு குட்டைக் கை. மறுமுனையில் ரெண்டு நீளக் கை.

"உலரும் துணியாம்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அங்கே பொறுப்பாக இருந்த பெண் ஓடிவந்தாள். பிரியோனி என்று பேர், முப்பது வயசு இருக்கும். "என்ன ஆச்சு? உட்காருங்க, தண்ணி கொண்டு வரட்டுமா?"

"தண்ணி வேணாம். அந்தக் குட்டைக் கை என்னுது," என்றேன்.

உட்கார வைத்து முழுக்கக் கேட்டாள், நல்ல பெண். கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கோப்பு எடுத்துவந்தாள். படத்தின் அசலைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் பென்சிலில் 27 ஏப்ரல் 1961. பிறகு ஒரு வரைபடத்தை விரித்தாள். எங்கள் பதினாலு வீடும் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. பதினாலின் மேலும் சிவப்புப் பென்சில் கோடு. ஓரத்தில் 'இடிக்கலாம்' என்று எழுதி, கையெழுத்து, தேதி. 3 மார்ச் 1961.

மார்ச் முதலில் வருமா ஏப்ரல் முதலில் வருமா என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"அப்படின்னா எங்க சந்தப் பாக்கறதுக்கு முந்தியே..."

"ஆமா நோரீன். முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்காங்க," என்றாள் பிரியோனி. "அந்த முடிவுக்கு ஒரு படம் வேண்டியிருந்திருக்கு. நீங்க சந்தக் கழுவி வச்சிருந்தாலும் இடிச்சிருப்பாங்க."

ரெண்டு காகிதத்துக்கும் நகல் வாங்கிக்கொண்டு நேராக எல்சி ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவை இடித்த இடத்தில் எழுந்த உயரக் கட்டிடத்தில்தான் அவளுக்கு வீடு கிடைத்தது. இன்றும் அங்கேதான், எட்டாம் மாடி. தொண்ணூற்றோரு வயசு. கதவைத் திறந்தவளின் முடி வெள்ளை. உயரம் கொஞ்சம் குறைந்திருந்தது. நாக்கு குறையவில்லை.

"யாரு, ஐவி மகளா? வயசாயிடுச்சேடி உனக்கு!"

"உங்களுக்கு மட்டும் குறைஞ்சுதா ஆன்ட்டி?"

"நான் தெருவ விட்டே போகல, தெரியுமில்ல? மாடி ஏறிட்டேன், அவ்ளோதான்." சன்னலுக்குக் கீழே கைகாட்டினாள். "அந்தா, அந்தக் குப்பைத் தொட்டி வச்சிருக்கான் பாரு, அதான் உங்க சமையலறை. இப்போ இந்தக் கட்டிடமும் வாழத் தகுதியில்லையாம், கடிதாசு வந்திருக்கு. இந்தத் தடவ பாக்க வர்றவன எட்டு மாடியும் படியேறி வரச் சொல்லியிருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. ரெண்டு நகலையும் மேசையில் வைத்தேன். தேதிகளைக் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வரைபடத்தில் பத்தாம் நம்பர் கட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், சிவப்பு அழியுமா என்று பார்க்கிறவள் மாதிரி.

"மார்ச்சா?"

"மார்ச்."

"அப்போ என் மெத்தை..."

"உங்க மெத்தைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல ஆன்ட்டி. எங்க அம்மாவுக்கும் இல்ல. அவ இந்தப் பழியோடதான் செத்தா."

சொல்லிவிட்டேன்.  கல் உருண்டுவிட்டது.

எல்சி ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினாள். "கோவத்துல ஒரு வார்த்த சொன்னேன். மறுநாளே போயி சரிபண்ணிடலாம்னு இருந்தேன்டி. அவ ஆணி அடிச்சா. ஒவ்வொரு அடியும் எனக்கு உள்ள விழுந்துது. பலகைய மூடிட்டவகிட்ட எந்த ஓட்ட வழியா பேசறது?" நகல்களை ஓரமாகத் தள்ளினாள். "அப்புறம் செத்துட்டா. அடக்கத்துல நின்னப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். தேநீருக்கு நிக்க மனசு வரல."

எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம். மெல்லிய காகிதத்தில் சுற்றி, மடித்து, கஞ்சி மொடமொடக்கக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"ஏப்ரல் வந்தா துவைப்பேன். இஸ்திரி போடுவேன். விரிச்சது ஒரு தடவகூட இல்ல. அன்னிக்கு என் மேசைக்கு வந்து சேரலையே, கையோட நின்னுபோச்சு. துவைச்சா 'அடுத்து யாருக்கு வேணும்'னு கேக்கணும். இந்த எட்டாம் மாடியில நான் யாரக் கேக்கறது?"

லேஸ் மஞ்சளாகக்கூட ஆகவில்லை. அறுபத்திரண்டு வருஷம்.

"அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கான்னு சொன்ன?" என்றாள் திடீரென்று.

சொன்னேன்.

"கோட்ட எடு. போலாம்."

அன்று நூலகம் மூடும் நேரமாகிவிட்டதால், வந்த சனிக்கிழமை அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கல்யோப்பியின் மகள் டெஸ்பினாவையும் வரச் சொல்லியிருந்தேன். அவள் தட்டு நிறைய எள்ளு பிஸ்கோத்து கொண்டுவந்திருந்தாள். நூலகத்தில் நல்ல கூட்டம். எல்சி ஆன்ட்டி படத்துக்கு நேர் எதிரே நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். பூட்ஸ் தொழிற்சாலைச் சுவரில் பட்டு எதிரொலித்த அதே குரலில் ஆரம்பித்தாள்.

"அது என் மெத்தை. நடுவுல பள்ளம் தெரியுதா? என் புருஷன் விழுந்த பள்ளம். அந்தக் கட்டில் பாஸ்கோ வீட்டுது, மூணு பேர் பிறந்த கட்டில். அந்த வண்டியில இதோ நிக்கறாளே, இவ போனா."

பக்கத்தில் நின்ற ஒரு இளைஞர் மரியாதையாகக் கேட்டார், "அப்போ இதெல்லாம் குப்பை இல்லையா?"

"குப்பையா? வீடு தம்பி, வீடு! உள்ள இருந்ததெல்லாம் வெளிய இருக்கு. எதுக்கு? உள்ள அவ்வளவு சுத்தமா இருந்துது. வந்து பாருடான்னு கூப்பிட்டோம். அவன் கார விட்டு இறங்கல." கைநீட்டி சந்தின் கோடியைக் காட்டினாள். குவியலுக்குப் பின்னால், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைச் சுவர். "அது கல்யோப்பி அடிச்ச வெள்ளை. நாங்க சிரிச்சோம். இந்தப் படத்துல மூஞ்சி கழுவிட்டு நிக்கறது அவ ஒருத்திதான்."

டெஸ்பினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூட்டம் அதிகமாகிவிட்டது. எல்சி ஆன்ட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"இதெல்லாம் சந்துல போடச் சொன்னது ஐவி டெவ்லின். ஒன்பதாம் நம்பர். அவமேல நான் பழி போட்டேன். பழி அவமேல இல்ல, இதோ தேதி இருக்கு. அவ சொன்னது நல்ல யோசனை. விருந்தாளி வர்றான்னா வீட்டச் சுத்தம் பண்றதுதான் மரியாதை. வந்தவனுக்கு மரியாதை தெரியல, அதுக்கு ஐவி என்ன பண்ணுவா? நாளைக்கே கூப்பிட்டாலும் அவ பேச்சத்தான் கேப்பேன். எழுதிக்கிட்டியா பொண்ணு?"

பிரியோனி எழுதிக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வாரம் படத்துக்குக் கீழே புது அட்டை. பதினாலு வீட்டுப் பேரும், எந்தப் பொருள் யாருடையது என்பதும், ரெண்டு தேதியும் இருக்கின்றன. கடைசி வரி எல்சி ஆன்ட்டி சொல்ல எழுதியது: "வேலிக்குமேல் இருப்பது தெருவின் மேசைவிரிப்பு. உலரவில்லை. விருந்தாளிக்காகப் போய்க்கொண்டிருக்கிறது."

ஆனால் அந்தச் சனிக்கிழமையைச் சொல்லி முடிக்கவில்லையே நான். எல்லாம் சொல்லி முடித்ததும் எல்சி ஆன்ட்டி பையைத் திறந்து துணியை எடுத்தாள். படத்துக்கு முன்னால் இருந்த நீள மேசையில் நானும் டெஸ்பினாவும் விரித்தோம். பிஸ்கோத்துத் தட்டை வைத்தோம். நான் கொண்டுபோன குடுவையிலிருந்து தேநீரை ஊற்றினோம்.

"இங்க சாப்பிடறதுக்கு அனுமதி இல்ல..." என்று பிரியோனி தயங்கினாள்.

"கண்ணு, இது எங்க தெரு. உக்காரு. சர்க்கரை எவ்வளவு?" என்றாள் எல்சி ஆன்ட்டி.

பிரியோனி உட்கார்ந்தாள். அந்த இளைஞரும் உட்கார்ந்தார். அறுபத்திரண்டு வருஷம் கழித்து முன்வாசல் வழியாக உள்ளே வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். அம்மா இருந்திருந்தால் மறுபடி மறுபடி ஊற்றியிருப்பாள்.

கடைசியில் எல்சி ஆன்ட்டி துணியிலிருந்து எள்ளை உதறினாள். மடித்தாள். நாற்காலியின் முதுகுக்குமேல் ரெண்டு கையையும் தூக்கி, வேலிக்குமேல் நீட்டுகிற மாதிரியே என்னிடம் நீட்டினாள்.

"அடுத்து யாருக்கு வேணும்?" என்று கேட்டாள்.

"ஒன்பதாம் நம்பருக்கு," என்றேன்.

இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தில் ஒரு தேநீர்க் கறை பட்டிருந்தது, அதைப் போக்கிவிட்டேன். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, அதே காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்களில் யார் வீட்டுக்காவது ஒரு நல்ல நாள் வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள் கண்ணுகளா. துவைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.